பொத்தானில் என்ன எழுதுவது? தமிழ் இடைமுகச் சொற்கள் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

தென்னாப்பிரிக்காவின் டர்பனில் ஒரு கோயில் சங்கத்துக்குச் சிறிய செயலி ஒன்று இருக்கிறது. காவடிப் பதிவு, அர்ச்சனை, ஆண்டுச் சந்தா, சாவு வீட்டுக்கு உதவும் நிதி, எல்லாம் அதில்தான். ஆங்கிலத்தில் ஓடிக்கொண்டிருந்ததற்குத் தமிழ் இடைமுகமும் (திரையில் தெரியும் பொத்தான், பட்டியல், செய்தி எல்லாம்) உதவிப் பக்கங்களும் எழுதும் வேலை என்னிடம் வந்தது. தொழில்நுட்பக் கையேடு எழுதுவதுதான் என் பிழைப்பு என்பதால் சுலபமாக முடிந்துவிடும் என்று நினைத்தேன். எட்டு மாதம் ஆனது. அதிலிருந்து ஒரே மாதிரிக் கேள்விகள் தொலைபேசியிலும், கோயில் சமையற்கட்டில் பூசணிக்காய் நறுக்கும்போதும் வருகின்றன. பதில்களை இங்கே எழுதி வைக்கிறேன்.

டர்பனில் எல்லோருக்கும் ஆங்கிலம் தெரியும். தமிழ் இடைமுகம் யாருக்கு?

நியாயமான கேள்வி. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து முதல் ஒப்பந்தத் தொழிலாளர்களோடு வந்த ட்ரூரோ கப்பலில் தொடங்கி ஐந்தாறு தலைமுறை ஆகிவிட்டது. இங்கே பிறந்த தமிழர்களில் பெரும்பாலோருக்கு வீட்டு மொழி ஆங்கிலம். இந்நாட்டு அரசியல் சட்டத்தின் 6ஆம் பிரிவு, மதித்து வளர்க்க வேண்டிய மொழிகளில் தமிழையும் பெயர் சொல்லிக் குறிப்பிடுகிறது. ஆனால் சட்டத்தில் இடம் இருக்கிறது என்பதற்காக யாரும் தமிழ்ப் பொத்தானை அழுத்தப் போவதில்லை.

எங்கள் செயலியைத் தமிழில் திறப்பவர்கள் மூன்று வகை. சனிக்கிழமைத் தமிழ் வகுப்பில் எழுத்துக்கூட்டிப் படிக்கக் கற்றவர்கள். தேவாரத்தை மனப்பாடமாகச் சொல்லும் பெரியவர்களையும் இவர்களோடு சேர்த்துக்கொள்ளலாம். அடுத்து, தமிழ்நாட்டிலிருந்து வேலைக்கு வந்தவர்கள். மூன்றாவது, இலங்கையிலிருந்து வந்த குருக்களும் அவர் குடும்பமும். முதல் வகையினருக்கு ஒரு சொல்லைப் படித்து முடிக்கவே நேரம் ஆகும். இரண்டாம் வகையினர் கணினியை 'சிஸ்டம்' என்பார்கள். குருக்கள் 'கணனி' என்று எழுதுவார். இந்த மூவரும் ஒரே திரையைப் பார்க்கிறார்கள். கீழே சொல்லும் எல்லா முடிவுக்கும் காரணம் இதுதான்.

கலைச்சொல் அகராதி இருக்கிறதே. அதைப் பார்த்துப் போட்டால் போதாதா?

நானும் அப்படித்தான் தொடங்கினேன். அகராதிச் சொல் ஒவ்வொன்றும் தனியாகப் பார்த்தால் சரியாகவே இருக்கும். கோயில் செயலிக்குள் கொண்டுபோய் வைத்ததும் வேறு அர்த்தம் எடுத்துக்கொள்ளும்.

'செட்டிங்ஸ்' என்பதற்கு எல்லோரும் போடுவது 'அமைப்புகள்'. நானும் போட்டேன். முதல் வாரமே சங்கத்தின் பொருளாளர், "எல்லா அமைப்புகளின் பெயரும் இதில் இருக்கும் என்று திறந்தேன், எழுத்து அளவை மாற்று என்கிறதே" என்றார். டர்பனில் தமிழ் அமைப்புகளுக்குப் பஞ்சமா? அவர் நினைத்ததில் தப்பே இல்லை. 'விருப்ப மாற்றங்கள்' என்று மாற்றினோம். அழகான தொடர் என்று சொல்ல மாட்டேன், ஆனால் அதற்குப் பிறகு யாரும் வழி தவறவில்லை.

'கணக்கு' இன்னும் மோசம். 'என் கணக்கு' என்று தொட்டால் தன் பெயரும் கைப்பேசி எண்ணும் வரும் என்று ஒருவரும் எதிர்பார்க்கவில்லை. எவ்வளவு கட்டினோம், எவ்வளவு பாக்கி என்றுதான் எதிர்பார்த்தார்கள். பணம் புழங்கும் இடத்தில் கணக்கு என்றால் பணக்கணக்குதான். ஆகவே 'என் விவரம்' தனி, 'என் சந்தா' தனி என்று பிரித்தோம்.

அர்ச்சனைப் பக்கத்தில் 'நட்சத்திரம்' என்றால் அசுவினி, பரணி. அதே பக்கத்தில், அடிக்கடி செய்யும் அர்ச்சனையைக் குறித்து வைக்க ஒரு நட்சத்திரப் படம் இருந்தது. அதன் பெயர் 'நட்சத்திரமிடு'. ஒரு அம்மாள் மகனுக்கு ரோகிணி போட வேண்டும் என்று அதை நான்கு முறை அழுத்தியிருக்கிறார்.

'சமர்ப்பி' கதையையும் சொல்லிவிடுகிறேன். படிவத்தின் கடைசியில் வரும் 'சப்மிட்' பொத்தானுக்கு அகராதி தரும் சொல் அது. நன்கொடைப் படிவத்தின் கீழே அதைப் பார்த்தவர்கள், அழுத்தினால் பணம் உண்டியலுக்குப் போய்விடும் என்று நினைத்துப் பாதியிலேயே நிறுத்தினார்கள். கோயிலில் சமர்ப்பணம் என்றால் கொடுத்துவிட்டதாகத்தானே அர்த்தம்? 'அனுப்பு' என்று மாற்றியதோடு அந்தச் சிக்கல் தீர்ந்தது.

'சேமி', 'அனுப்பு' என்று ஒருமையில் எழுதுவது மரியாதைக் குறைவு இல்லையா?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. கோபத்தோடு கேட்கப்படுவதும் இதுதான். "என் வயசுக்கு ஒரு போன் என்னைப் போ, வா என்று சொல்லுமா?" என்று ஒரு பாட்டி கேட்டார்.

நான் பிடித்துக்கொண்ட வழி இது: திரையில் உள்ள ஒவ்வொரு சொல்லையும் யார் யாரிடம் சொல்கிறார்கள் என்று கேட்க வேண்டும். பொத்தான் என்பது நாம் இயந்திரத்திடம் சொல்வது. நாம் ஏவுகிறோம், அது செய்கிறது. 'சேமி', 'தேடு', 'அனுப்பு', 'அச்சிடு' எல்லாம் நம் வாயிலிருந்து வருபவை. இயந்திரத்துக்கு 'ங்கள்' போட்டுப் பேச வேண்டியதில்லை. திரையில் வரும் செய்தி என்பது இயந்திரம் நம்மிடம் சொல்வது. அங்கே மரியாதை கட்டாயம்: 'பெயரை எழுதுங்கள்', 'சற்றுப் பொறுங்கள்', 'இன்னொரு முறை முயன்று பாருங்கள்'. பாட்டியிடம் இதைச் சொன்னதும், "அப்போ அனுப்புடா என்று நான் அதட்டுகிறேன், அப்படித்தானே?" என்று சிரித்தார். அப்படித்தான்.

இதையே பிடித்துக்கொண்டு போனால் 'என்', 'உங்கள்' குழப்பமும் தீரும். பட்டியலில் 'என் சந்தா'. அது நான் தொடும் இடம். செய்தியில் 'உங்கள் சந்தா வந்து சேர்ந்தது'. அது எனக்குச் சொல்லப்படுவது.

இந்த வழி உடைகிற இடமும் உண்டு. 'உள்நுழை' என்பதில் நுழைவது யார்? நான்தான், இயந்திரம் இல்லை. அப்போது ஏவல் என் பக்கம் திரும்பிவிடுகிறது. தமிழ் விக்கிப்பீடியா 'புகுபதிகை' என்று பெயர்ச்சொல்லாக்கித் தப்பித்தது. வேறு சில இடங்களில் 'உள்நுழைக' என்று வியங்கோள் இருக்கும். எழுத்துக்கூட்டிப் படிப்பவர்களுக்கு இரண்டுமே கடினம். நாங்கள் 'உள்ளே செல்ல', 'வெளியே செல்ல' என்று வைத்தோம், வழிகாட்டிப் பலகையில் எழுதுவது போல. இலக்கணம் படித்த நண்பர் ஒருவர் முகம் சுளித்தார். சரி, சுளிக்கட்டும்.

'அழி', 'நீக்கு', 'ரத்து செய்': எது எங்கே?

ஆவணம், படம், வரைவு போன்றவற்றுக்கு 'அழி' சரி. திரும்ப வராது என்ற எச்சரிக்கை அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆனால் மனிதர் பெயருக்குப் பக்கத்தில் அதை வைக்கவே கூடாது. எங்கள் முதல் வரைவில், சாவு நிதிப் பட்டியலில் ஒவ்வொரு பெயருக்கும் எதிரே சிவப்பில் 'அழி' என்று இருந்தது. மூன்று நாள் அதை யாரும் கவனிக்கவில்லை. குருக்களின் மனைவி பார்த்துவிட்டு, "என்ன பிள்ளை, ஆளையே அழிக்கச் சொல்லுது" என்றார். 'நீக்கு' என்று மாற்றினால் சங்கத்தை விட்டு விலக்கிய மாதிரி இருக்கிறது. கடைசியில் 'பட்டியலிலிருந்து எடு' என்று நீளமாகவே வைத்தோம். நீளம் அங்கே நல்லது, யோசித்து அழுத்துவார்கள்.

'ரத்து செய்' தனியாக இருக்கும்போது தொல்லை இல்லை. கேள்விப் பெட்டிக்குள் வரும்போதுதான் வம்பு. 'காவடிப் பதிவை ரத்து செய்யவா?' என்று கேட்டுவிட்டுக் கீழே 'சரி', 'ரத்து செய்' என்று இரண்டு பொத்தான் இருந்தால் எதை அழுத்துவீர்கள்? இரண்டுமே ரத்து போலத் தெரியும். தைப்பூசத்துக்கு இரண்டு நாள் முன்பு ஒரு குடும்பத்தின் பதிவு இப்படித்தான் போனது. வேண்டாம் என்று சொல்ல நினைத்து 'சரி'யை அழுத்தியிருக்கிறார்கள். இப்போது 'ஆமாம், ரத்து செய்', 'வேண்டாம், இருக்கட்டும்' என்று இருக்கிறது. கேள்வியைப் படிக்காமல் பொத்தானை மட்டும் படித்தாலும் விளங்க வேண்டும். பாதிப் பேர் அப்படித்தான் செய்கிறார்கள்.

தூய தமிழா, புழக்கத்தில் உள்ள சொல்லா?

இந்த நாட்டிலேயே இரண்டு வழியும் இருக்கின்றன. ஆஃப்ரிகான்ஸ் மொழியில் கணினிக்கு 'ரேக்கெனார்'. கணக்கிடுவது என்ற வினையிலிருந்து எடுத்தது, நம் 'கணினி' போலவே. ஜூலு ஆங்கிலச் சொல்லை வாங்கி முன்னால் 'இ' சேர்த்துத் தன் சொல்லாக்கிக்கொள்ளும், கோப்புக்கு 'இஃபாயெலா'. இரண்டு மொழிக்காரர்களும் நன்றாகத்தான் இருக்கிறார்கள்.

எனக்குக் கட்சி இல்லை. 'கடவுச்சொல்', 'மின்னஞ்சல்', 'பதிவிறக்கு' மூன்றும் ஊன்றிவிட்டன, எடுத்துக்கொள்ளலாம். 'வங்கி' இருக்கும்போது 'பேங்க்' தேவையில்லை. ஆனால் 'எஸ்.எம்.எஸ்.' என்று மூன்று வகையினரும் சொல்லும்போது 'குறுஞ்செய்தி' போட்டால் தமிழ் வகுப்புப் பிள்ளைகள் நின்றுவிடுகிறார்கள். 'ஓடிபி'யை 'ஒருமுறைக் கடவுச்சொல்' என்று எழுதிப் பார்த்தோம். தங்கள் கடவுச்சொல்லையே திரும்ப அடித்தார்கள். 'போனுக்கு வந்த எண்' என்று எழுதியதும் சரியானது. அது கலைச்சொல்லே இல்லை, வெறும் விவரிப்பு. சில இடங்களில் விவரிப்புதான் கலைச்சொல்லை விட நல்லது.

ஊர் வழக்கையும் பார்க்க வேண்டும். டர்பனில் 'ரோபோ பக்கத்தில் நில்' என்றால் போக்குவரத்து விளக்குக்குப் பக்கத்தில் என்று அர்த்தம். சென்னையிலிருந்து நேற்று வந்தவர் எந்திரனைத் தேடுவார். கோயில் விஷயத்திலும் இப்படித்தான். ஆடி மாதம் மாரியம்மனுக்கு ஊற்றுவதைத் தமிழ்நாட்டுக்காரர்கள் கூழ் என்பார்கள். இங்கே பிறந்தவர்கள் ஆங்கிலத்தில் 'பாரிட்ஜ் பிரேயர்' என்பார்கள், தமிழில் கஞ்சி தெரியும், கூழ் தெரியாது. நாள்காட்டியில் 'ஆடிக் கஞ்சி' என்று போட்டோம். கூழ்காரர்களுக்கு அது விளங்கியது. திருப்பிப் போட்டிருந்தால் விளங்கியிருக்காது.

ஒரே சொல்லுக்கு இரண்டு பொருள் வந்தால்?

'செயலி' என்பது ஆப், செயலி என்பது கணினிக்குள் இருக்கும் பிராசசர். கோயில் செயலியில் இரண்டாவது வரப்போவதில்லை, விட்டுவிடலாம். உண்மையான எதிரி 'பதிவு'. பெயர் பதிவு, பணம் கட்டிய பதிவு, அறிவிப்புப் பதிவு, ஒலிப்பதிவு, எல்லாம் பதிவுதான். ஒரு திரையில் ஐந்து முறை வந்தது. 'பதிவு' என்பதைக் காவடிக்கும் அன்னதானத்துக்கும் பெயர் கொடுப்பதற்கு மட்டும் ஒதுக்கினோம். பணம் கட்டியது 'ரசீது', அறிவிப்பு 'அறிவிப்பு', பஜனைக் குரல் 'ஒலி'. ஒரு விரிதாளில் (எக்செல் போன்ற அட்டவணையில்) சொல், எந்தத் திரை, எதற்கு மட்டும், எதற்குக் கூடாது என்று நான்கு பத்தி போட்டு வைத்திருக்கிறோம். நான்காவது பத்திதான் அதிகம் பயன்படுகிறது.

வாக்கியத்துக்குள் பெயர் தானாக வந்து விழும் இடங்களில் தமிழ் உடைகிறதே?

உடையத்தான் செய்யும். நிரல் எழுதுபவர் ஒரு காலியிடம் விட்டு அதன் பின்னால் 'ஐ' என்று எழுதிவிடுவார். திரையில் 'முருகன்ஐ', 'மாலாஐ' என்று வரும். முருகனை, மாலாவை, சரசுவை என்று ஒவ்வொரு பெயரும் ஒவ்வொரு விதமாகப் புணரும். அதையெல்லாம் இயந்திரத்துக்குக் கற்றுக்கொடுப்பதை விட வாக்கியத்தை மாற்றுவது சுலபம். 'இந்தப் பெயரைப் பட்டியலிலிருந்து எடுக்கவா?' என்று கேட்டுவிட்டு அடுத்த வரியில் பெயரை மட்டும் தனியாகக் காட்டுங்கள். ஒரே வரியில் வந்தே ஆக வேண்டும் என்றால் 'என்பவரை' கைகொடுக்கும்.

எண்ணும் இப்படித்தான். '1 ரசீதுகள்' என்று வருவது ஆங்கில அச்சு. தமிழில் 'ரசீது: 1', 'ரசீது: 12' என்று எழுதினால் ஒருமை பன்மைப் பேச்சே எழாது.

'பெயர்', 'குடும்பப் பெயர்' என்ற இரண்டு கட்டங்களுக்கு என்ன எழுதுவது?

இதற்கு ஒரு கூட்டமே போட்டோம். இங்கே பிறந்தவர்களுக்குப் பிள்ளை, நாயுடு, படையாச்சி என்று குடும்பப் பெயர் உண்டு. தமிழ்நாட்டிலிருந்து வந்தவருக்கு இருப்பது தலைப்பெழுத்து. குடும்பப் பெயர் கட்டத்தைக் காலியாக விட்டால் செயலி ஏற்காது, 'கு' என்று ஓர் எழுத்தைப் போட்டாலும் ஏற்காது. இப்போது அந்தக் கட்டத்தில் 'குடும்பப் பெயர் அல்லது தந்தை பெயர்' என்று இருக்கிறது, ஓர் எழுத்தும் செல்லும். எழுத்துக்கூட்டு இன்னொரு தலைவலி. ஆங்கிலத்தில் கோவெண்டர் என்று எழுதுபவர் தமிழில் கவுண்டர் என்று எழுதுவதா, கோவெண்டர் என்றே எழுதுவதா? அவரவர் எழுதியபடி விட்டுவிடுங்கள். பெயரைத் திருத்தும் வேலை செயலிக்கு வேண்டாம்.

தமிழ் எழுத்து கட்டத்துக்குள் அடங்கவில்லை. கடைசியில் புள்ளி காணாமல் போகிறது. ஏன்?

கணினிகள் எழுத்துகளைக் குறித்து வைக்கும் பொது முறையான யூனிக்கோடில் நாம் ஓர் எழுத்து என்று பார்ப்பது பல சமயம் இரண்டு குறிகள். 'ன்' என்பது ன, அதன் மேல் புள்ளி. 'பி' என்பது ப, பிறகு இகரக் குறி. 'பாலசுப்பிரமணியன்' நமக்குப் பத்து எழுத்து. இயந்திரம் 16 என்று எண்ணும். ஆங்கிலப் பெயருக்கு 15 போதும் என்று யாரோ வைத்த வரம்பில் 'பாலசுப்பிரமணியன' என்று நின்றுவிட்டது, உறுப்பினர் அட்டையிலும் அப்படியே அச்சாகி வந்தது. வரம்பை எடுத்துவிடச் சொல்லுங்கள். முடியாது என்றால் இரண்டரை மடங்கு கேளுங்கள்.

எஸ்.எம்.எஸ்.ஸிலும் இதே கணக்கு. ஆங்கிலத்தில் ஒரு செய்திக்கு 160 இடம், தமிழில் 70தான். 'உங்கள் காவடிப் பதிவு உறுதியானது' என்பதே 31 எடுத்துக்கொள்ளும். மிச்சத்தில் நாளும் நேரமும் வந்தாக வேண்டும், வாழ்த்துக்கு இடமில்லை. நிர்வாகக் குழுவில் ஒருவர் 'அன்புடையீர்' வேண்டும் என்று நின்றார். அந்த ஒரு சொல்லால் செய்தி இரண்டாக உடைந்து செலவு இரட்டிப்பாகும் என்று காட்டியதும் உட்கார்ந்துவிட்டார்.

உதவிப் பக்கத்தில் பொத்தான் பெயரை எப்படிக் காட்டுவது?

ஆங்கிலத்தில் பெரிய எழுத்தால் காட்டிவிடலாம். நமக்கு அந்த வசதி இல்லை. 'பெயரை எழுதிச் சேமி அழுத்துங்கள்' என்று எழுதினால் எது பொத்தான் என்று தெரியாது. தடித்த எழுத்தோ மேற்கோள் குறியோ, ஏதாவது ஒன்றைப் பிடித்துக்கொண்டு கடைசி வரை அதையே பயன்படுத்துங்கள். பெயரோடு வேற்றுமை உருபை ஒட்ட வேண்டாம்: 'சேமி'யை, 'அனுப்பு'வை என்று போனால் திரையில் உள்ள சொல்லும் பக்கத்தில் உள்ள சொல்லும் வேறுபட்டுத் தெரியும். 'சேமி' என்பதை அழுத்துங்கள் என்பது போதும். சொடுக்கு, தட்டு, தொடு என்று மாற்றி மாற்றி எழுதும் பழக்கமும் வேண்டாம். கைப்பேசிக்கும் கணினிக்கும் 'அழுத்துங்கள்' ஒன்றே போதுமானது.

தேதியும் பணமும்?

தேதியை எண்ணால் மட்டும் எழுதாதீர்கள். இந்நாட்டுப் படிவங்களில் ஆண்டு முதலில் வரும், இந்தியாவில் நாள் முதலில் வரும். மாதப் பெயரிலும் கவனம் வேண்டும். இலங்கை வழக்கில் ஏப்ரலைச் 'சித்திரை' என்று எழுதுவது உண்டு. தமிழ்நாட்டவருக்குச் சித்திரை என்றால் ஏப்ரல் நடுவில் பிறப்பது. சித்திரைக் காவடி இங்கே பெரிதாக நடக்கும் என்பதால் 'ஏப்ரல் 12, சனிக்கிழமை' என்று கிழமையோடு போடுகிறோம். பணத்தில் ராண்ட் என்று சொல்லாகவே எழுதிவிடுவது நல்லது.

மொழிபெயர்க்க என்ன கருவி? சரியாக வந்திருக்கிறதா என்று எப்படிச் சோதிப்பது?

பூட்டில் என்ற கருவி தென்னாப்பிரிக்காவில் உருவானதுதான். ஃபயர்ஃபாக்ஸ் போன்ற மென்பொருட்களை இந்நாட்டு மொழிகளுக்குக் கொண்டுவரும் முயற்சியில் பிறந்து, பிறகு வெளிநாடுகளுக்கும் போனது. எங்கள் அளவுக்கு விரிதாளே போதுமானதாக இருந்தது. கருவி எதுவானாலும் சொல்லுக்குப் பக்கத்தில் திரையின் படம் இருக்க வேண்டும். படம் இல்லாமல் வரும் பட்டியலை நான் இப்போது திருப்பி அனுப்பிவிடுகிறேன்.

சோதனைக்கு, வெள்ளிக்கிழமை பூஜை முடிந்து பிரசாதம் வாங்க நிற்பவர்களில் ஒருவரிடம் கைப்பேசியைக் கொடுத்து, "சஷ்டிக்கு ஒரு அர்ச்சனை போடுங்கள்" என்று மட்டும் சொல்வேன். உதவி செய்ய மாட்டேன், எங்கே விரல் நிற்கிறது என்று குறித்துக்கொள்வேன். போன வாரம் டர்பன் புறநகரான சாட்ஸ்வொர்த்திலிருந்து வரும் ஒரு ஆயா எல்லாவற்றையும் சரியாக நிரப்பிவிட்டு, 'அடுத்து' என்ற பொத்தானுக்கு மேலேயே விரலை வைத்துக்கொண்டு நின்றார். ஏன் ஆயா என்று கேட்டேன். "அடுத்து யார் என்று கேட்கிறது. எனக்குப் பின்னால் நிற்பவர் பெயரைச் சொல்லட்டுமா?" என்றார். விரிதாளில் அந்த வரி இன்னும் மஞ்சளில் இருக்கிறது.